ஒலிபெருக்கிப் பெட்டி (மகிழுந்து)

மகிழுந்து ஒலிபெருக்கிப் பெட்டி என்பது மகிழுந்து, வேன் போன்ற வாகனங்களில் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளை எழுப்பும் ஒலிபெருக்கியைப் பொருத்துவதற்காகச் செய்யப்படும் அடைப்பு ஆகும். இவ்வகை ஒலிபெருக்கி சப்வூஃபர் என்றும், பேச்சு வழக்கில் பாஸ் ஸ்பீக்கர் என்றும் அழைக்கப்படுகிறது. ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை எழுப்புவதே இதன் பணி. தவிலின் தொப்பிப் பக்கம், உறுமி, திரையிசையின் மின் தாளங்கள் ஆகியவற்றின் அடிநாதம் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் அல்லது அதை ஒட்டி அமைகிறது.

கடையில் ஒலிபெருக்கியை வாங்குவோர் அதன் விட்டத்தையும் அட்டையில் அச்சிட்ட வாட் எண்ணையும் கொண்டே விலை பேசுகின்றனர். பெட்டியோ, டிக்கியில் மிஞ்சும் இடத்தை அளந்து கடைசியில் செய்யப்படுகிறது. இது தலைகீழான வழியாகும். ஒரே ஒலிபெருக்கி ஒரு பெட்டியில் தெளிவாகவும், வேறொரு பெட்டியில் ஒரே சுரத்தில் முழங்குவதாகவும் அமையலாம். மற்றொன்றில் சில வாரங்களில் கிழிந்தும் போகலாம். எனவே பெட்டியை ஒலிபெருக்கியின் ஒரு பாதி என்றே கொள்ளவேண்டும்.

பெட்டி ஏன் தேவை

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது முன்பக்கக் காற்று அழுத்தப்படுகிறது. அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. இதனால் முன்னலையும் பின்னலையும் ஒன்றுக்கொன்று எதிர்க்கட்டத்தில் உள்ளன. உயர்ந்த அதிர்வெண்களில் அலைநீளம் சிறியது. ஆகவே இரு அலைகளும் எளிதில் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை. தாழ்ந்த அதிர்வெண்களில் நிலைமை வேறு. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.6 மீட்டர். கைச்சாண் அகலமுள்ள கூம்பின் விளிம்பைச் சுற்றிப் பின்னலை முன்னால் வந்து சேர்வது அதற்கு ஒரு தடையே அல்ல. வெறுங்கையில் பிடித்த பெரிய ஒலிபெருக்கி ஈனமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. பெட்டியின் முதல் வேலை, பின்னலையை முன்னலையிலிருந்து பிரித்து வைப்பதாகும்.

இரண்டாவது வேலை பலரும் கவனிக்காதது. அடைபட்ட காற்று ஒரு சுருள்வில்லைப் போல நடந்துகொள்கிறது. பெட்டி சிறியதாக இருந்தால் வில் விறைப்பாகவும், பெரியதாக இருந்தால் தளர்வாகவும் இருக்கும். கூம்பு எவ்வளவு தாழ்ந்த அதிர்வெண் வரை ஒலிக்கும் என்பதை இந்தக் காற்று வில்லும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

மண்பானையும் கடமும்

கேசட் காலத்தில் தமிழக ஊர்களில் ஒலிபெருக்கியை மண்பானையின் வாயில் வைத்துப் பாட்டுக் கேட்கும் வழக்கம் இருந்தது. பாஸ் கூடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இதனை வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. பானை பின்னலையை அடைத்துவிடுகிறது. அதன் வளைந்த சுவர், தட்டையான மெல்லிய பலகையைப் போல எளிதில் அதிர்வதில்லை. பொறியியல் மொழியில் சொன்னால், அது ஒரு மூடிய பெட்டி. பானை சிறியதாக இருந்ததும், ஒலிபெருக்கிக்கும் பானை விளிம்புக்கும் இடையே காற்று கசிந்ததுமே அதன் குறைகள்.

விருதுநகரின் அண்டை மாவட்டமான சிவகங்கையில் உள்ள மானாமதுரை, கடம் செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர். கடத்தின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் கலைஞர் வாசிக்கும்போது, அதனுள் உள்ள காற்றின் ஒலி ஏறி இறங்குவதைக் கேட்கலாம். குறுகிய கழுத்தில் உள்ள காற்று ஒரு நிறையாகவும், வயிற்றுப் பகுதியில் உள்ள காற்று வில்லாகவும் இயங்கி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இதனை விரிவாக ஆராய்ந்த செருமானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் இது ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒத்ததிர்வு எனப்படுகிறது. பின்னர் விளக்கப்படும் துளைப் பெட்டி இதே விதியில்தான் இயங்குகிறது. பானை ஸ்பீக்கர் மூடிய பெட்டிக்கும் கடம் துளைப் பெட்டிக்கும் உவமையாகும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி எளிதாகும்.

வரலாறு

இன்றைய இயங்கு சுருள் ஒலிபெருக்கியின் அடிப்படை வடிவத்தை அமெரிக்காவைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925இல் வெளியிட்டனர். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் துளைப் பெட்டிக்கு 1930இல் விண்ணப்பித்து 1932இல் காப்புரிமை பெற்றார். 1954இல் எட்கர் வில்ச்சூர், காற்று வில்லையே முதன்மையாக நம்பும் சிறிய மூடிய பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆழ்ந்த பாஸுக்கு அலமாரி அளவுப் பெட்டி வேண்டியிருந்தது.

ஆனால் எந்த ஒலிபெருக்கிக்கு எந்தப் பெட்டி என்பது நெடுங்காலம் அனுபவத்தாலும் ஊகத்தாலுமே முடிவு செய்யப்பட்டது. ஆத்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட கட்டுரையும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1972, 1973 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைத் தொடரும் இதனைக் கணக்காக மாற்றின. தீல் எழுதியது முதலில் ஆத்திரேலியப் பொறியாளர் இதழில் வந்ததால் பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1971இல் அமெரிக்க ஒலிப் பொறியியல் இதழ் மறுபதிப்புச் செய்த பின்னரே உலகெங்கும் பரவியது. இன்று ஒலிபெருக்கியுடன் வரும் தாளில் உள்ள எண்கள் இவ்விருவர் பெயரால் தீல்–ஸ்மால் அளபுருக்கள் எனப்படுகின்றன.

ஒலிபெருக்கியின் அளபுருக்கள்

தாளில் பல எண்கள் இருப்பினும் பெட்டியைத் தேர்வதற்கு நான்கு போதும். எஃப்.எஸ். என்பது கூம்பு தன் தொங்கலில் இயல்பாக அதிரும் அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது அந்தத் தொங்கலின் விறைப்புக்குச் சமமான வில்லாக அமையும் காற்றின் கன அளவு, லிட்டரில் தரப்படும். கியூ.டி.எஸ். என்பது ஒத்ததிர்வு எவ்வளவு அடக்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் எண். காந்தம் வலுவாக இருந்தால் இது குறையும். குறைந்த எண் என்றால் கூம்பு கட்டுப்பாட்டில் உள்ளது என்று பொருள். எக்ஸ்.மேக்ஸ். என்பது ஒலி சிதையாமல் கூம்பு ஒரு திசையில் நகரக்கூடிய தொலைவு, மில்லிமீட்டரில்.

இவற்றுடன் கியூ.இ.எஸ். என்னும் எண்ணும் தரப்பட்டிருந்தால் ஒரு எளிய சோதனை செய்யலாம். எஃப்.எஸ்.ஸைக் கியூ.இ.எஸ்.ஸால் வகுத்து வரும் ஈவு 50க்குக் கீழ் இருந்தால் மூடிய பெட்டியும், 90க்கு மேல் இருந்தால் துளைப் பெட்டியும் பொருந்தும் என்பது வழக்கமான கணிப்பு. இடைப்பட்டவை இரண்டிலும் இயங்கும். இது வழிகாட்டி மட்டுமே. இந்தத் தாளே இல்லாமல் விற்கப்படும் ஒலிபெருக்கிகளும் உண்டு. விலை குறைவு என்று அவற்றை வாங்கினால், பெட்டியைக் குருட்டாம்போக்கில்தான் செய்யவேண்டி வரும்.

மூடிய பெட்டி

காற்றுப் புகாதவாறு முழுவதும் அடைக்கப்பட்ட பெட்டி இது. கணக்கு எளியது. வி.ஏ.எஸ்.ஸைப் பெட்டியின் கன அளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் காணவேண்டும். கிடைக்கும் எண்ணால் எஃப்.எஸ்.ஸையும் கியூ.டி.எஸ்.ஸையும் பெருக்கினால், பெட்டிக்குள் ஒலிபெருக்கியின் புதிய ஒத்ததிர்வு அதிர்வெண்ணும் புதிய கியூ எண்ணும் வரும். இந்தக் கியூ 0.707 ஆக இருக்கும்போது ஒலி மேடு பள்ளமின்றித் தாழ்வு வரை செல்கிறது.

எடுத்துக்காட்டாக, எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். 0.45, வி.ஏ.எஸ். 60 லிட்டர் உடைய ஒலிபெருக்கியைக் கொள்வோம். 0.707 பெறுவதற்குத் தேவையான பெட்டி 41 லிட்டர். ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸ். உள்ளளவு 45 செ.மீ., 35 செ.மீ., 26 செ.மீ. கொண்ட பெட்டி இதற்குச் சரியாக இருக்கும். ஒலிபெருக்கியின் காந்தமும் சட்டமும் அடைக்கும் இடத்தையும், உள்ளே வைக்கும் குறுக்குச் சட்டங்களின் இடத்தையும் இதனுடன் கூட்டிக்கொள்ளவேண்டும். இடமில்லை என்று 20 லிட்டரில் செய்தால் கியூ 0.9 ஆகவும் ஒத்ததிர்வு 60 ஹெர்ட்ஸாகவும் ஏறிவிடும். ஆழம் குறைந்து, அதற்கு மேலே ஒரு சிறு வீக்கம் தோன்றும். மாறாக 80 லிட்டருக்குப் போனால் 40 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். கிட்டத்தட்ட இருமடங்கு மரமும் இடமும் கொடுத்துப் பெற்ற பயன் 7 ஹெர்ட்ஸ். கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் இந்தச் செலவைச் செய்யமாட்டார்.

மூடிய பெட்டியில் ஒத்ததிர்வுக்குக் கீழே ஒலி எண்மம் ஒன்றுக்கு 12 டெசிபெல் வீதம் குறைகிறது. எண்மம் என்பது அதிர்வெண் பாதியாகும் இடைவெளி. காற்று வில் கூம்பை எப்போதும் பிடித்துக்கொண்டிருப்பதால் மிகத் தாழ்ந்த ஒலிகளிலும் கூம்பு கட்டுமீறுவது குறைவு. பறை, தவில் போன்ற அடித்து நிறுத்தும் ஒலிகள் இழுபடாமல் கேட்கும். செய்யும்போது ஓரிரு செ.மீ. பிழை நேர்ந்தாலும் பெரிய கேடில்லை. பெட்டியைப் பாலியெஸ்டர் பஞ்சால் தளர்வாக நிரப்பினால், சற்றுப் பெரிய பெட்டியில் இருப்பது போல ஒலிபெருக்கி நடந்துகொள்ளும். இராசபாளையம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் பருத்திப் பஞ்சை இதற்குப் பயன்படுத்தத் தோன்றலாம். அது ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும்.

துளைப் பெட்டி

பெட்டியில் குறிப்பிட்ட பரப்பும் நீளமும் கொண்ட ஒரு குழாய் அல்லது மரக் கால்வாய் அமைத்தால் அது துளைப் பெட்டி ஆகும். கடத்தின் கழுத்துப் போலவே குழாய்க் காற்று ஒத்ததிர்ந்து, பின்னலையைத் திருப்பி முன்னலையுடன் இணைகிறது. சுருதி சேர்க்கப்பட்ட அதிர்வெண்ணில் கூம்பு மிகக் குறைவாகவே அசையும். ஒலியின் பெரும்பகுதியைக் குழாயே தருகிறது. சரியாக அமைந்தால் மூடிய பெட்டியை விட ஏறத்தாழ 3 டெசிபெல் கூடுதல் ஒலி கிடைக்கும். 3 டெசிபெல் என்பது பெருக்கியின் திறனை இருமடங்காக்குவதற்குச் சமம். ஆகவே நல்ல துளைப் பெட்டி ஒரு பெரிய பெருக்கியின் விலையை மிச்சப்படுத்துகிறது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பெட்டி பெரிதாகவேண்டும். சுருதிக்குக் கீழே ஒலி எண்மம் ஒன்றுக்கு 24 டெசிபெல் வீதம் சரிகிறது. அங்கே காற்று வில் என்று ஒன்று இல்லாமல் போவதால் கூம்பு பிடிமானமின்றி ஆடும். 35 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த பெட்டியில் 20 ஹெர்ட்ஸ் குறிகையை உரக்கச் செலுத்தினால் குரல்சுருள் காந்த இடைவெளியை விட்டு வெளியே வந்து அடிபடலாம். இதனைத் தடுக்கும் தாழ்வெட்டு வடிகட்டி பெருக்கியில் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே இவ்வகைப் பெட்டியைத் தேர்வது நல்லது.

குழாயின் அளவில் ஊகத்துக்கு இடமில்லை. 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்குச் சேர்க்க, 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஏறத்தாழ 31 செ.மீ. நீளம் இருக்கவேண்டும். 7.5 செ.மீ. விட்டமெனில் 16 செ.மீ. போதும். குட்டைக் குழாய் வசதிதான். ஆனால் குறுகிய வழியில் அதே காற்று விரைந்து ஓடவேண்டியிருப்பதால் 'புஸ்' என்ற இரைச்சல் எழும். காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள் அடங்கினால் இது பெரிதாகக் கேட்காது. தோட்டத்துப் பி.வி.சி. குழாயை வெட்டிப் பொருத்துவது முற்றிலும் ஏற்புடையதே. அதன் உள்வாய் பெட்டியின் சுவரிலிருந்து குறைந்தது ஒரு விட்டத் தொலைவு விலகியிருக்கவேண்டும்.

சிறிய பெட்டி, மிகுந்த திறன், ஆழ்ந்த தாழ்வு ஆகிய மூன்றில் இரண்டை மட்டுமே பெறமுடியும் என்பதை அமெரிக்கப் பொறியாளர் ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் ஹாஃப்மனின் இரும்பு விதி என்பர். மூன்றும் சேர்ந்து தருவதாகச் சொல்லும் விளம்பரத்தை இவ்விதியின் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

பிற வகைகள்

பட்டைப் பெட்டியில் ஒலிபெருக்கி இரு அறைகளுக்கு நடுவே மறைந்திருக்கும்; ஓர் அறை மூடியது, மற்றது துளையுள்ளது. ஒலி துளை வழியே மட்டும் வெளிவரும். குறுகிய ஒரு பட்டையில் மிக உரக்க ஒலிக்கும். ஒலிபெருக்கி சிதைந்து கத்தினாலும் வெளியே தெரியாது என்பது இதன் கவர்ச்சி, அதுவே இதன் ஆபத்தும்கூட. இந்தியக் கடைகளில் பரவலாக விற்கப்படும் உருளை வடிவ பாஸ் டியூப் தனி வகை அன்று. அது பெரும்பாலும் உருளையாகச் செய்த துளைப் பெட்டியே. செடான் வகை மகிழுந்துகளின் பின் பலகையில் பொருத்தப்படும் நீள்வட்ட ஒலிபெருக்கிகள் டிக்கி முழுவதையும் பெட்டியாகக் கொள்கின்றன. பலகை மெல்லியதாக இருந்தால் ஒலியை விடப் பலகையின் நடுக்கமே மிகும். இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டையான மின்பெருக்கி இணைந்த பெட்டிகள் இடத்தை மிச்சப்படுத்தும். ஹாஃப்மன் விதிப்படி ஆழத்தை எதிர்பார்க்க இயலாது.

மகிழுந்தின் உட்புறம்

வீட்டுக்கான கணக்கு அப்படியே மகிழுந்துக்குப் பொருந்தாது. ஒலியின் அரை அலைநீளம் வாகனத்தின் உள்நீளத்தை விடப் பெரிதாகும்போது, உள்ளே அலை பரவுவதற்குப் பதிலாக முழு அறையின் காற்றழுத்தமும் ஒன்றாக ஏறி இறங்குகிறது. 2.5 மீட்டர் உள்நீளம் கொண்ட வாகனத்தில் இது ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸில் தொடங்கும். அதற்குக் கீழே ஒலி எண்மத்துக்கு 12 டெசிபெல் வரை தானே உயரும் என்பது கோட்பாடு. கதவு இடுக்குகளும் தகடுகளின் அசைவும் இந்த உயர்வைக் குறைத்துவிடும். இருப்பினும் கணிசமாக எஞ்சும்.

மூடிய பெட்டி 12 டெசிபெல் வீதம் குறைகிறது, வாகனம் அதே வீதத்தை ஒட்டி உயர்த்துகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் மெலிந்து ஒலித்த பெட்டி மகிழுந்தில் நிறைவாக ஒலிப்பதன் காரணம் விளங்கும். துளைப் பெட்டியை வீட்டுக் கணக்கில் செய்து வாகனத்தில் வைத்தால், 40 ஹெர்ட்ஸ் அருகே வீங்கி எல்லாப் பாட்டும் ஒரே முழக்கமாகக் கேட்கலாம். பாட்டைக் கேட்பதற்காகச் செய்வோர், வேறு காரணம் இல்லாதவரை மூடிய பெட்டியிலிருந்து தொடங்குவதே தக்கது. பெருக்கியின் திறன் குறைவாகவும் இடம் மிகுதியாகவும் உள்ள வேன்களுக்குத் துளைப் பெட்டி பொருந்தும்.

2006 முதல் 4 மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட சிறிய மகிழுந்துகளுக்கு இந்தியாவில் வரிச் சலுகை அளிக்கப்பட்டு வருவதால், இங்கு ஓடும் பெரும்பாலான மகிழுந்துகளின் பின்புறம் குறுகியது. எரிவாயு உருளையும் அதே இடத்தைக் கேட்கும். உருளையின் அடைப்பிதழை எட்டமுடியாதவாறு பெட்டியை வைப்பது எந்நிலையிலும் கூடாது. 20 கிலோகிராம் பெட்டி கட்டப்படாமல் கிடந்தால், திடீரெனத் தடை போடும்போது பின்னிருக்கையை நோக்கிப் பாயும் என்பதால், அதனைத் தளத்தோடு திருகி இறுக்கவேண்டும். மின்கலத்திலிருந்து பெருக்கிக்கு வரும் கம்பியில், மின்கலத்தை அடுத்து அரை மீட்டருக்குள் உருகி இருப்பது கட்டாயம். 300 வாட் பெருக்கி முழுத் திறனில் 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். உறை தேய்ந்த கம்பி தகட்டில் பட்டால் தீப்பிடிக்க அது போதும். பட்டாசும் தீப்பெட்டியும் ஏற்றப்படும் சிவகாசி வட்டாரச் சாலைகளில் இதனைச் சிறு பிழையாகக் கருத இயலாது.

மரம், பசை, வெயில்

மல்லாங்கிணறு போன்ற பேரூரில் இருப்பவர் ஒலிபெருக்கியை விருதுநகரிலோ மதுரையிலோ வாங்கினாலும், பெட்டியை உள்ளூர்த் தச்சரிடமே செய்துகொள்ளலாம். கதவும் சன்னலும் செய்யும் கைக்கு இது கடினமான வேலையன்று. காற்றுக் கசியாமை ஒன்றே புதிய நிபந்தனை. 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை அடர்த்தியானது, எளிதில் வெட்டலாம், அதிர்வு குறைவு. ஆனால் நீர் பட்டால் உப்பிவிடும். ஒட்டுப்பலகை இலேசானது, திருகைப் பிடித்துக்கொள்ளும், விலை அதிகம். கொதிநீர் தாங்கும் தரமுள்ள ஒட்டுப்பலகையில் ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர எண் அச்சிடப்பட்டிருக்கும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகையைத் தவிர்க்கவேண்டும். மூட்டுகளை மரப்பசையால் ஒட்டித் திருகி, உள்மூலைகளில் சிலிக்கோன் பூசுவது வழக்கம். எதிரெதிர்ப் பலகைகளை நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைப்பது, பலகையின் தடிமனைக் கூட்டுவதை விடப் பயனுள்ளது.

செய்து முடித்த பெட்டியைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. மூடிய பெட்டியில் கூம்பை விரல்களால் மெல்ல அழுத்தி விட்டால், அது சற்றுத் தயங்கித் தன் இடத்துக்குத் திரும்பவேண்டும். உடனே துள்ளி வந்தால் எங்கோ கசிவு உள்ளது என்று கொள்ளலாம்.

சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியதற்கு இப்பகுதியின் வறண்ட தட்பவெப்பம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த வறட்சி எம்.டி.எஃப். பலகைக்கும் நல்லதே. வெப்பம் அப்படியன்று. கோடையில் அடைத்து நிறுத்திய மகிழுந்தின் உட்புறம் 60 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். சூட்டில் இளகும் பசையால் மட்டும் ஒட்டிய மூட்டு அங்கே நிலைக்காது. காற்றின் சூட்டால் துளைப் பெட்டியின் சுருதி மாறுமோ என்ற ஐயம் தேவையற்றது. 20 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறினால் 35 ஹெர்ட்ஸ் 36 ஹெர்ட்ஸ் ஆகும், அவ்வளவே. உண்மையான தொல்லை குரல்சுருளில் உள்ளது. செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடுகிறது. உரக்க ஒலிக்கும்போது சுருள் 100 பாகை சூடேறினால் தடை 40 விழுக்காடு உயரும். ஒலி தளரும், கியூ எண்ணும் ஏறும். ஒலி தளர்ந்ததைக் கண்டு இன்னும் கூட்டி வைப்பதே பல சுருள்கள் கருகுவதற்குக் காரணம்.

ஒலி அளவும் சட்டமும்

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000ஆம் ஆண்டு வெளியிடப்பட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரையறுக்கப்பட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவாகக் கொள்ளப்படுகிறது. 2005 சூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒலிபெருக்கி, வாகன ஒலிப்பான், பட்டாசு ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்தது. தனியார் ஒலிக்கருவியின் ஒலி, அவ்விடத்தின் எல்லையில், அப்பகுதிக்குரிய அளவை விட 5 டெசிபெலுக்கு மேல் மிகக்கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது. இந்த அளவுகள் 'ஏ' எடையிடல் முறையில் தரப்பட்டவை. மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளுக்கு உணர்வு குறைந்தது என்பதால், இம்முறையில் தாழ்ந்த அதிர்வெண்கள் குறைத்து மதிப்பிடப்படுகின்றன. 40 ஹெர்ட்ஸில் இக்குறைப்பு ஏறத்தாழ 35 டெசிபெல். எனவே உண்மையில் 90 டெசிபெல் வலிமையுள்ள 40 ஹெர்ட்ஸ் ஒலியை மானி 55 என்றே காட்டும். அதாவது சட்டப்படி பகலில் அது குற்றமற்றது. ஆனால் அதே ஒலி சன்னல் கண்ணாடியை நடுங்கச் செய்யும். சுவர்களும் தாழ்ந்த ஒலியை நன்கு தடுப்பதில்லை. தெருவில் நிற்கும் மகிழுந்தின் பாட்டு கேட்காமல் முழக்கம் மட்டும் வீட்டுக்குள் கேட்பது இதனாலேயே.

சிவகாசியில் செய்யப்படும் வெடிகளுக்கான வரம்பு 1999ஆம் ஆண்டு விதியில் வேறு விதமாக அமைந்துள்ளது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெல், அல்லது 'சி' எடையிடல் முறையில் உச்ச அளவு 145 டெசிபெல் என்பது அது. 'சி' முறையில் 40 ஹெர்ட்ஸுக்கான குறைப்பு 2 டெசிபெல் மட்டுமே. வெடிக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் மகிழுந்தின் பாஸ் ஒலிக்கும் பயன்படுத்தப்பட்டால், மானி காட்டும் எண்ணுக்கும் அண்டை வீட்டார் படும் தொல்லைக்கும் உள்ள இடைவெளி குறையும்.

உள்ளே இருப்பவரின் செவியையும் கணக்கில் கொள்ளவேண்டும். நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது தொழிற்சாலைகளுக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. 100 டெசிபெலில் அது 15 நிமிடம். மல்லாங்கிணறிலிருந்து மதுரைக்குச் செல்லும் பயணம் அதை விட நீண்டது.